கல்ச்சர் குழுவும் ஜோசப் ஹில்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜமைக்காவின் ரெகே இசை என்றால் பாப் மார்லி, அதற்கு மேல் தெரியாது என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது கல்ச்சர் குழுவின் பாட்டைத்தான். கேட்டு முடித்ததும் கேள்விகள் வரும். ஒவ்வொரு முறையும் பாதி மறந்து, பாதி சொல்லி முடிப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கல்ச்சர் என்பது பாடகரின் பெயரா, குழுவின் பெயரா?

குழுவின் பெயர். ஜமைக்காவைச் சேர்ந்த மூன்று குரல்கள். முன்னால் நின்று பாடியவர் ஜோசப் ஹில். பின்பாட்டு ஆல்பர்ட் வாக்கரும் கென்னத் டேஸும். வாக்கர் ஹில்லுக்கு உறவுக்காரர். வாத்தியம் வாசித்தவர்கள் ஆல்பத்துக்கு ஆல்பம் மாறினார்கள். எழுபதுகளில் ஜமைக்காவில் மூன்று பேர் சேர்ந்து பாடுவது சாதாரண வழக்கம். மார்லியும் பீட்டர் டோஷும் பன்னி வெய்லரும்கூட அப்படிப் பாடி வந்தவர்கள்தான். ஆனால் கல்ச்சரில் பாட்டுக் கட்டுவது, மேடையில் பேசுவது எல்லாவற்றுக்கும் ஹில்தான் முகம். அதனால் ஹில்லையே கல்ச்சர் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் பெரிய தப்பும் இல்லை.

ஜோசப் ஹில் எங்கிருந்து வந்தவர்?

1949 ஜனவரி 22 அன்று, செயின்ட் கேத்தரின் மாவட்டத்து லின்ஸ்டெட் என்ற ஊரில் பிறந்தார். தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சந்தை ஊர். ஜமைக்காவின் பழைய நாட்டுப்பாடல் ஒன்றே இந்த ஊர்ச் சந்தையைப் பற்றியதுதான்: ஒரு தாய் அக்கி பழத்தைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போகிறாள். வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கிறார்கள், அமுக்கிப் பார்க்கிறார்கள், ஒருவரும் வாங்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருக்கிறார்கள்.

ஹில்லின் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்தை நினைவுக்கு வரும். அவர் குரலில் பயிற்சியின் மெருகு கிடையாது. கரகரப்பு உண்டு, நடுநடுவே பேச்சு உண்டு, ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று நியாயம் கேட்கும் பெரியவரின் அழுத்தம் உண்டு. கூட்டத்தில் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று பாடுகிற குரல் அது.

பாடகராவதற்கு முன்னால் அவர் தாள வாத்தியக்காரர். சோல் டிஃபெண்டர்ஸ் என்ற குழுவில் வாசித்தார். அந்தக் குழு மூலமாகத்தான் காக்ஸன் டாட் நடத்திய ஸ்டூடியோ ஒன் ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் 'பிஹோல்ட் த லேண்ட்' என்ற பாட்டை அங்கே பதிவு செய்தார். அப்போது அது அவரை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

ரூட்ஸ் ரெகே என்று தனியாக ஏன் சொல்கிறார்கள்?

ரூட்ஸ் என்றால் வேர். காதல், நடனம், கொண்டாட்டம் என்று எல்லாவற்றையும் ரெகேயில் பாடலாம். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவரப்பட்டவர்களின் வரலாறு, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வறுமை, ரஸ்தாஃபாரி நம்பிக்கை, தாய்மண்ணுக்குத் திரும்பும் ஏக்கம் ஆகியவற்றைப் பாடுவதைத்தான் ரூட்ஸ் என்கிறார்கள். ரஸ்தாஃபாரிகள் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியைத் தெய்வமாக வணங்குபவர்கள். 1930ல் அவர் முடிசூடியதிலிருந்து வளர்ந்த நம்பிக்கை அது.

தாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் காது சமத்தில் ஓர் அழுத்தத்தை எதிர்பார்த்துப் பழகியது. ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் அந்த முதல் அடி காலியாகக் கிடக்கும். மூன்றாவது அடியில்தான் டிரம் விழும். அடிகளுக்கு நடுவே கிட்டார் சுருக் சுருக்கென்று வெட்டிக்கொண்டு போகும். பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பது பேஸ் கிட்டார். அதனால் சின்ன ஃபோன் ஸ்பீக்கரில் ரெகே கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். பாட்டில் பாதி அதில் கேட்காது.

குழு எப்படி ஆரம்பித்தது?

1976ல். சேர்ந்து பாடலாம் என்ற யோசனையோடு ஹில்லிடம் வந்தவர் வாக்கர். முதலில் வைத்துக்கொண்ட பெயர் ஆப்பிரிக்கன் டிஸைப்பிள்ஸ், அதாவது ஆப்பிரிக்கச் சீடர்கள். சீக்கிரமே அதை விட்டுவிட்டுக் கல்ச்சர் ஆனார்கள். கிங்ஸ்டனில் தயாரிப்பாளர் ஜோ கிப்ஸிடம் பாடிக் காட்டினார்கள். கிப்ஸ் ஒரு காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அவரும் ஒலிப்பதிவாளர் எரல் தாம்ப்ஸனும் 'மைட்டி டூ' என்ற பெயரில் அடுத்தடுத்து வெற்றிப் பாட்டுகளைத் தந்துகொண்டிருந்த நேரம் அது.

நாட்டு நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரதமர் மைக்கேல் மேன்லியின் கட்சிக்கும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவின் கட்சிக்கும் நடுவே கிங்ஸ்டன் சேரிகள் துப்பாக்கியோடு பிரிந்து கிடந்தன. 1976 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அந்த டிசம்பரில், தேர்தலுக்குச் சில நாள் முன்பு, பாப் மார்லியையே வீடு புகுந்து சுட்டார்கள். ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்ற பயம் ஊரெல்லாம் இருந்தது. கல்ச்சரின் முதல் ஆல்பம் இந்தச் சூழலில்தான் பதிவானது.

'டூ செவன்ஸ் கிளாஷ்' என்றால் என்ன அர்த்தம்?

இரண்டு ஏழுகள் மோதுவது. 1977 ஜூலை 7ஆம் தேதியை எழுதிப் பாருங்கள்: 7-7-77. ஏழாம் மாதம், ஏழாம் நாள், எழுபத்தேழாம் ஆண்டு. அன்றைக்குத் தீர்ப்பு வரும், அநியாயம் செய்தவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று கறுப்பின உரிமைத் தலைவர் மார்கஸ் கார்வி முன்பே சொன்னதாக ஒரு பேச்சு ரஸ்தாக்களிடையே வழங்கி வந்தது. பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது கண்முன் ஒரு காட்சி தோன்றியது, அதிலிருந்து பிறந்த பாட்டு இது என்று ஹில் சொல்லியிருக்கிறார்.

வெறும் பயமுறுத்தலாக மட்டும் இருந்திருந்தால் இந்தப் பாட்டு அந்த ஆண்டோடு செத்திருக்கும். ஹில் செய்த வேலை நுணுக்கமானது. ஆகாயத்தைக் காட்டிப் பாடவில்லை, தெருவைக் காட்டிப் பாடினார். கிங்ஸ்டனிலிருந்து ஸ்பானிஷ் டவுனுக்குப் போகும் சாலையில் ஃபெர்ரி காவல் நிலையம் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு பெரிய இலவ மரம். எவ்வளவு அழகாக இருந்த மரம், இடியும் மின்னலும் பூகம்பமும் அதை என்ன செய்துவிட்டன பார் என்கிறார். கிங்ஸ்டனும் ஸ்பானிஷ் டவுனும் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும் என்று கார்வி சொன்னாராம். இதோ என் கண்ணாலேயே பார்க்கிறேன், நடுவில் ஒரு வீட்டுவசதிக் குடியிருப்புதான் மிச்சம் என்கிறார்.

கேட்பவன் தினமும் பேருந்தில் அந்த மரத்தைத் தாண்டிப் போகிறவன். அந்தக் குடியிருப்பு எழும்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்தவன். தெரிந்த இரண்டு விஷயங்கள் சரியாக இருந்தால், தெரியாத மூன்றாவதையும் மனம் நம்பத்தானே செய்யும்? குறி சொல்பவரின் முறை இது. முதலில் உன் வீட்டு வாசலில் இருப்பதைச் சொல்வார், அப்புறம் நாளைக்கு வருவதைச் சொல்வார்.

அந்த நாளில் உண்மையில் என்ன நடந்தது?

1977 ஜூலை 7 ஒரு வியாழக்கிழமை. வேலை நாள். ஆனாலும் கிங்ஸ்டனில் பல கடைகள் திறக்கவில்லை. பள்ளிகள் பல மூடியிருந்தன. ஏராளமானோர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பாட்டு அதற்குள் வானொலியிலும், தெருவில் பெரிய ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடும் சவுண்ட் சிஸ்டங்களிலும் பரவிவிட்டிருந்தது. ஒரு பாட்டு ஒரு தலைநகரத்தை ஒரு பகல் முழுக்க அடக்கி வைத்தது என்பதற்கு இதைப் போல வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

பூகம்பம் வரவில்லை. வெள்ளிக்கிழமை கடைகள் திறந்தன.

ஜமைக்காக்காரர்களின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. 1692ல் போர்ட் ராயல் நகரத்தின் பெரும்பகுதி பூகம்பத்தில் கடலுக்குள் போனது. 1907ல் கிங்ஸ்டன் இடிந்து ஆயிரம் பேர் அளவில் மாண்டார்கள். அந்த மண்ணில் பூகம்பம் தாத்தா பாட்டி சொல்லும் சொந்தக் கதை.

கார்வி நிஜமாகவே அப்படிச் சொன்னாரா?

கார்வியின் பேரில் வாய்வழியாக உலவும் வாக்குகள் ஏராளம். ஆப்பிரிக்காவில் ஒரு கறுப்பின அரசன் முடிசூடுவான், அங்கே பாருங்கள் என்று அவர் சொன்னதாக நம்பப்படும் புகழ்பெற்ற வாக்கைக்கூட அவர் எழுத்துகளில் ஆய்வாளர்கள் கண்டெடுத்ததில்லை. ஏழுகளின் கதையையும் அந்த வரிசையில் வைப்பதுதான் நேர்மை என்று நினைக்கிறேன். ரஸ்தாக்கள் அவரைத் தீர்க்கதரிசி என்று கொண்டாடினாலும் கார்வி ரஸ்தா அல்லர். முப்பதுகளில் செலாசியைக் கடுமையாக விமர்சித்தும் எழுதியிருக்கிறார்.

நிஜமான கார்வியின் கதையே போதுமான அளவு பெரியது. 1887ல் செயின்ட் ஆன்ஸ் பே என்ற ஊரில் பிறந்தவர். 1914ல் உலகக் கறுப்பின மக்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். 1919ல் கறுப்பர்களே முதலாளிகளாக இருக்கும் பிளாக் ஸ்டார் லைன் என்ற கப்பல் நிறுவனத்தை ஏற்படுத்தினார். 1929ல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் அவரை ஸ்பானிஷ் டவுன் சிறையில் அடைத்தார்கள். பாட்டில் வரும் சிறைவாசல் அதுதான்: தான் கடந்து போன வாசலை இனி எந்தக் கைதியும் கடக்க மாட்டான் என்று கார்வி சொன்னார், அந்த வாசல் இன்றைக்கும் பூட்டியே கிடக்கிறது என்று ஹில் பாடுகிறார். 1940ல் லண்டனில் கார்வி இறந்தபோது உள்ளூரில் அவரை மறந்திருந்தார்கள். 1964ல் உடலைக் கொண்டுவந்து தேசிய வீரராக அறிவித்தார்கள். அப்படி மறக்கப்பட்ட மனிதரை ஒவ்வொரு தெருப்பையனின் வாயிலும் கொண்டுவந்து வைத்ததில் ரெகே பாடகர் பர்னிங் ஸ்பியருக்கும் கல்ச்சருக்கும் பெரிய பங்கு உண்டு.

அந்த ஆல்பத்தில் வேறு என்ன கேட்கலாம்?

மொத்தம் பத்துப் பாட்டு. தள்ளிவிட்டுப் போகும்படி ஒன்றுகூடக் கிடையாது. 'பிளாக் ஸ்டார்லைனர் மஸ்ட் கம்' கார்வியின் கப்பலுக்காகக் காத்திருக்கும் பாட்டு. அந்தக் கப்பல் நிறுவனம் 1922லேயே முடங்கிவிட்டது. ஐம்பத்தைந்து வருஷம் கழித்து ஒருவர் துறைமுகத்தில் நின்றுகொண்டு, வந்தே தீரும் என்று பாடுகிறார். 'பைரேட் டேஸ்' இந்தத் தீவில் முதலில் இருந்தவர்கள் அரவாக் மக்கள்தான் என்று நினைவூட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் கொலம்பஸ் கண்டுபிடித்தார் என்று படித்த தலைமுறைக்கு அது புதுப்பாடம். பிறகு 'ஐ'ம் அலோன் இன் த வில்டர்னஸ்'. வனாந்தரத்தில் தனியாக நிற்கிறேன் என்று ஹில்லின் குரல் இளகும்போது பின்பாட்டுக்காரர்கள் இருவரும் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டதுபோல இருக்கும்.

அடுத்த முறை கேட்கும்போது ஹில்லை விட்டுவிட்டு அந்த இரண்டு பேரை மட்டும் கவனியுங்கள். பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் அசையாமல் நிற்பதால்தான் ஹில் வரியைவிட்டு வெளியே போய், பேசி, முனகி, திரும்பி வர முடிகிறது.

வாசித்தவர்கள் யார்?

கிப்ஸின் வீட்டு வாத்தியக்குழுவான புரொஃபஷனல்ஸ். டிரம்மில் ஸ்லை டன்பர். ராபி ஷேக்ஸ்பியர், லாய்ட் பார்க்ஸ், தாளத்தில் ஸ்டிக்கி தாம்ப்ஸன், ஊதுகருவிகளில் டாமி மெக்குக், வின் கார்டன் போன்றவர்கள். ஜமைக்காவின் முதல் வரிசை ஆட்கள். பாட்டின் பொருள் இத்தனை கனமாக இருந்தும் ஆல்பம் துள்ளிக்கொண்டு ஓடுவது இவர்களால்தான். அதே வேகம் இங்கிலாந்தில் பங்க் இசைப் பையன்களையும் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அவர்கள் நல்ல ஆல்பம் தரவில்லையா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வலிக்கும். 7-7-77 கதை அவ்வளவு நல்ல கதை என்பதால் குழுவின் மீதி வாழ்க்கையை அது மறைத்துவிட்டது. என்னைக் கேட்டால், அடுத்து வந்த மூன்று ஆல்பங்கள் முதலாவதற்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல.

கிப்ஸிடம் 'பால்ட்ஹெட் பிரிட்ஜ்' முடித்த கையோடு, பண விஷயத்தில் திருப்தியில்லாமல் குழு வெளியேறியது. அடுத்துச் சேர்ந்தது சோனியா பாட்டிஞ்சரிடம். ஆண்கள் மட்டுமே தயாரிப்பாளர்களாக இருந்த ஜமைக்கா இசைத்தொழிலில் அறுபதுகளிலிருந்தே தன் பெயரை நிலைநாட்டிய பெண்மணி அவர். அவருடைய ஹை நோட் நிறுவனத்துக்காகக் கல்ச்சர் மூன்று ஆல்பங்கள் செய்தது: 1978ல் 'ஹார்டர் தன் த ரெஸ்ட்', 1979ல் 'கம்போலோ', அதே ஆண்டு 'இன்டர்நேஷனல் ஹெர்ப்'. இங்கிலாந்தில் வர்ஜின் நிறுவனத்தின் ஃப்ரன்ட் லைன் பிரிவு இவற்றை வெளியிட்டதால் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன.

கிப்ஸிடம் பதிவானவை பளபளப்பானவை. பாட்டிஞ்சரிடம் பதிவானவை நிதானமானவை, இடம்விட்டுப் போகிறவை. ஸ்டூடியோ ஒன்னில் பாடிய பழைய 'பிஹோல்ட் த லேண்ட்' பாட்டை ஹில் இங்கே மறுபடி எடுத்துப் பாடினார். 'கம்போலோ'வில் 'நாட்டி நெவர் கெட் வியரி' என்று ஒரு பாட்டு. சலிக்கவே மாட்டேன் என்பதுதான் செய்தி. அதே ஆல்பத்தில் 'பே டே'. சம்பள நாள் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, நூற்றாண்டுக் கணக்கில் கூலியில்லாமல் வேலை வாங்கியதற்குக் கணக்குத் தீர்க்கும் நாள் எப்போது என்று கேட்கிறார்.

1978 அமைதிக் கச்சேரியில் இவர்கள் பாடினார்களா?

பாடினார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 22, கிங்ஸ்டன் தேசிய விளையாட்டரங்கம். மார்லி மேன்லியையும் சியாகாவையும் மேடைக்கு அழைத்து இருவர் கையையும் தலைக்கு மேல் சேர்த்துப் பிடித்த அதே இரவு. சண்டையை நிறுத்துங்கள் என்ற பொருளில் கல்ச்சருக்கு 'ஸ்டாப் த ஃபஸ்ஸிங் அண்ட் ஃபைட்டிங்' என்றே ஒரு பாட்டு உண்டு. அமைதி நிலைக்கவில்லை. 1980 தேர்தல் ஆண்டில் பல நூறு பேர் கொல்லப்பட்டார்கள்.

'இன்டர்நேஷனல் ஹெர்ப்' கஞ்சாவைப் பற்றியதுதானே?

ஆமாம். ரஸ்தாக்களுக்கு அது வழிபாட்டுப் பொருள். ஜமைக்காவில் அதன் பெயரும் கஞ்சாதான், நம் வாயில் வருகிற அதே சொல். 1845ல் முதல் கப்பல் ஓல்ட் ஹார்பர் பேயில் வந்து நின்றது முதல் 1917 வரை சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பெரும்பாலும் வட இந்தியர்கள். செடியின் பயன்பாடும் சொல்லும் அவர்களோடு போய்ச் சேர்ந்தவை. 1913ல் அங்கே தடைச்சட்டம் வந்தது. 2015ல்தான் இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருப்பது கைது செய்யும் குற்றமல்ல என்று மாற்றினார்கள், ரஸ்தாக்களின் வழிபாட்டுக்கும் அனுமதி தந்தார்கள்.

ஹில் எல்லாப் போதைக்கும் கொடி பிடித்தவர் என்று நினைக்க வேண்டாம். 1988ல் வந்த 'நஃப் க்ரைசிஸ்' ஆல்பத்தில் நியூயார்க்கை அழித்துக்கொண்டிருந்த கிராக் கொக்கெயினைக் கண்டித்து ஒரு பாட்டே பாடியிருக்கிறார்.

ஏன் பிரிந்தார்கள்? மறுபடி எப்போது சேர்ந்தார்கள்?

எண்பதுகளின் தொடக்கத்தில் மூவரும் தனித்தனி வழி போனார்கள். 1982ல் வந்த 'லயன் ராக்' ஆல்பம் கல்ச்சர் பெயரில் ஹில் தனியாகச் செய்தது. மார்லி 1981ல் இறந்திருந்தார். கிங்ஸ்டனில் டான்ஸ்ஹால் என்ற புதுப் பாணி ரெகேயின் காற்று வீச ஆரம்பித்திருந்தது. ரூட்ஸ் பாடியவர்களை உள்ளூரில் பழைய ஆட்கள் என்று ஒதுக்கத் தொடங்கினார்கள்.

1986ல் மூவரும் திரும்பச் சேர்ந்தார்கள். அதன்பின் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு ஆல்பம் என்ற கணக்கில் வந்துகொண்டே இருந்தன. டேஸ் தொண்ணூறுகளில் விலகினார். 1996ன் 'ஒன் ஸ்டோன்' எனக்குப் பிடித்தது. மற்றவை எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் கணினித் தாளமும் கீபோர்டும் ஹில்லின் குரலுக்குப் பொருந்தாமல் நிற்கும்.

ஆனால் அந்தக் காலத்துக் கல்ச்சரை மேடையில்தான் அளக்க வேண்டும். ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று ஹில் இருபது வருஷம் சுற்றுப்பயணத்திலேயே வாழ்ந்தார். மேடைப் பதிவுகளைப் பாருங்கள். பாட்டின் நடுவே நிறுத்தி, விளக்கம் சொல்லி, கூட்டத்தைப் பாட வைத்து, இடுப்பை ஒடித்து ஆடி, மறுபடி பல்லவிக்கு வருவார். ஐம்பது வயதுக்கு மேலும் அப்படித்தான்.

ஹில் எப்படி இறந்தார்?

பயணத்தில். 2006 ஆகஸ்ட் 19, ஜெர்மனியின் பெர்லினில். ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின் நடுவே, ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு சரிந்து விழுந்தார். வயது 57.

குழுவோடு ஒலிப்பொறியாளராகப் போயிருந்தவர் அவர் மகன் கென்யாட்டா ஹில். அதுவரை அப்பாவின் குரலை ஒலிக்கட்டுப்பாட்டு மேசையிலிருந்து கேட்டு, கூட்டிக் குறைத்து, கூட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். மீதமிருந்த நிகழ்ச்சிகளை ரத்து செய்யாமல் அவரே மைக்கைப் பிடித்துப் பாடினார். அப்பாவை அடக்கம் செய்யக்கூட இன்னும் ஊருக்குத் திரும்பாத நிலை. எந்த வரியில் அப்பா மூச்செடுப்பார், எங்கே கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பார் என்பதெல்லாம் வேறு யாரைவிடவும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். 2007ல் 'பாஸ் த டார்ச்' என்ற ஆல்பம் வந்தது. அதில் அப்பா பாட்டும் பிள்ளை பாட்டும் இருக்கின்றன. கென்யாட்டாதான் இப்போது கல்ச்சரின் முன்குரல்.

மார்லியோடு ஒப்பிட்டால்?

ஒப்பிட விருப்பமில்லை. மார்லி உலகத்தைப் பார்த்துப் பாடினார், உலகம் கேட்டது. ஹில் லின்ஸ்டெட்டையும் ஸ்பானிஷ் டவுனையும் பார்த்துப் பாடினார். ஊர்ப்பெயர், சாலை, மரம், சிறைவாசல் எல்லாம் அப்படியே வரும். நமக்கு அந்த இடங்கள் தெரியாது. இரண்டு தடவை கேட்டதும் தெரிந்துவிடும்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

'டூ செவன்ஸ் கிளாஷ்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை வரிசையாக, நல்ல ஹெட்ஃபோனில். பிடித்திருந்தால் அடுத்து 'கம்போலோ'. அதற்கு அப்புறம் ஏதாவது ஒரு மேடைப் பதிவு, ஹில் பேசுவதையும் சேர்த்து. ஜமைக்காவின் பட்வா மொழி முதலில் பிடிபடாது. வரிகளை ஒருமுறை படித்துவிட்டுக் கேளுங்கள். ஃபெர்ரி காவல் நிலையத்து இலவ மரம் வருகிற இடத்தில் கொஞ்சம் ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.